பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு, ஒரு பழைய காரில்

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் சட்டி பானையையும் சாமி படத்தையும் சுமந்து வந்த கார் என்றால், அதை விற்க மனம் வராது. எங்கள் அத்தானும் அப்படித்தான். அவருடையது கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் புரோட்டோன் சாகா. சென்ற மாதம் அதில் கிள்ளானுக்குப் போனோம். நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.

புறப்பட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர் அது. பின்னர் இரயில்வே தொழிலாளர்கள் நிறைந்து வாழ்ந்த இடம். பழைய இரயில் யார்டு இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. ஜாலான் துன் சம்பந்தனில் பூமாலை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்குள் கார் ஒழுங்காகத்தான் ஓடியது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவு தெரிந்தது. 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதை நினைவூட்டும் வளைவு அது. அதைத் தாண்டியதும் காருக்கு மூச்சு வாங்கியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பின்னால் லோரி ஹாரன் அடித்தது.

"கார்புரேட்டர் போச்சு மச்சான். புதுசு போடணும்னு பட்டறையில சொல்லிட்டாங்க. பிள்ளை காலேஜுக்குக் கட்ட வச்சிருக்கிற காசைத்தான் எடுக்கணும்" என்றார் அத்தான்.

நான் இருபது ஆண்டு பட்டறையில் கை கறுத்தவன். "அந்தக் காசைத் தொடாதீங்க அத்தான்" என்று சொல்லி, பெட்டாலிங் ஜெயாவில் ஓர் எண்ணெய் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், நிழலில் நிறுத்தச் சொன்னேன். இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். சூடான இஞ்சினில் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும். சுருட்டு, சிகரெட் அருகில் கூடாது.

இனி கவனமாகக் கேளுங்கள். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்.

இஞ்சின் அலறியும் கார் நகரவில்லை என்றால் கோளாறு கிளட்சில். ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை.

இஞ்சினை நிறுத்திவிட்டு அத்தானை மிதிக்கச் சொல்லி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தேன். உள்ளே தகடு முழுதும் திறந்தது, கேபிள் தளரவில்லை. சோக்கும் மூடியிருக்கவில்லை. மூடியிருந்தால் கரும்புகை வரும். காற்று வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்தேன், சுத்தம்.

அடுத்து ஸ்பார்க் பிளக். அதன் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய் கசிந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். எங்களுடையது வெளுத்திருந்தது.

அப்படியானால் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றினேன். டாங்கியின் துரு அதில் சேறாக அடைத்திருந்தது! வெட்டுக் கோட்டில் ஒட்டுப்பால் காய்ந்து கிடந்தால் பால் மங்குக்கு ஒழுங்காக இறங்குமா? அதே கதைதான். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் கசிந்து வரும் பெட்ரோல் போதும். நெடுஞ்சாலையில் ஏறி மிதித்தால் போதாது.

அருகிலிருந்த உதிரிபாகக் கடையில் சில வெள்ளிக்குப் புது வடிகட்டி கிடைத்தது. மாட்டினோம், கிளம்பினோம். 2018இல் டோல் கட்டணம் ஒழிந்த பத்து தீகாவைக் கடந்து, 1985இல் முதல் சாகா உருவான ஷா ஆலமைக் கார் துள்ளலோடு தாண்டியது. பிறந்த ஊரைக் கண்ட மகிழ்ச்சியோ என்னவோ! கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தேநீர் குடித்தபோது அத்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

டாங்கியைக் கழுவாவிட்டால் துரு மீண்டும் அடைக்கும். அதை மறக்க வேண்டாம். வடிகட்டி மாற்றியும் வலு வராவிட்டால் பெட்ரோல் பம்ப், டைமிங், கம்பிரஷன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குக் கடைசியில் வாருங்கள். அப்போதும் முதலில் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், மாற்றுவது பிறகு.

பிள்ளையின் படிப்புக் காசு பிள்ளைக்கே இருக்கட்டும். பத்திரமாகப் போய் வாருங்கள்!