மேலும் கீழும் தணல்

பிங்கா உபியின் உயிர் அதன் மேல்தோலில் இருக்கிறது. துருவிப் பிழிந்த மரவள்ளிக்கிழங்கு, கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பாண்டான் இலைச் சாறு. கலவையில் வேறு ரகசியம் எதுவும் கிடையாது. உள்ளே பசையும் பளபளப்புமாக வெந்து, மேலே கருகுவதற்குச் சற்று முன்பு நின்ற பழுப்போடு இறங்கினால்தான் அது பிங்கா. மேல்பக்கம் வெளிறிப்போனால் வெறும் கிழங்குக் களி. ஜோகூர் பாருவின் நோன்பு மாதச் சந்தைகளில் அதைத் துண்டுபோட்டு விற்பார்கள். மலாய்க்காரர் பலகாரம் என்பதில் எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அதே பலகாரத்தை ஒரு பிலிப்பீனோ அக்கா தன் ஊர்ப் பண்டம் என்று சொல்லி என் கையில் கொடுத்தார். ஜாலான் கெரெஜாவில் இருக்கும் எங்கள் மாதா கோயிலில் தமிழரும் சீனரும் பிலிப்பீனோக்களும் சேர்ந்தே பூசை காண்போம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் எழுந்து பூசைக்குப் போவது அவர்கள் நாட்டு வழக்கம். சிம்பாங் கபி என்பார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே பிபிங்கா சுடச்சுடக் கிடைக்குமாம். அந்த நினைவில் அக்கா வீட்டிலேயே இரண்டு வகை சுட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒன்று கிழங்குப் பிபிங்கா. டின்பால் ஊற்றி முகத்தைப் பொன்னிறமாக்கியிருந்தது தவிர, நம்ம பிங்காவேதான். மற்றது பச்சரிசி மாவில் செய்த வட்டமான அப்பம். அடியில் கருகிய வாழையிலை, மேலே உப்பு முட்டைத் துண்டுகள், உருகிய சீஸ்.

"ஊரில் இதற்கு ஓவன் எல்லாம் ஏது?" என்று மலாயில் சொன்னார். "கீழே கரி, மேலே தகரத்தட்டில் கரி. நடுவில் மண்சட்டி, அவ்வளவுதான்."

பத்து பகாட் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மக்சிக், அதாவது மலாய் அத்தை, ஒருவர் இருக்கிறார். பஞ்சார் வம்சம். அந்தப் பகுதியில் பஞ்சார், ஜாவா, பூகிஸ் குடும்பங்கள் நிறைய. அடுத்த விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போய், பிங்கா சுடுவதை உட்கார்ந்து பார்த்தேன். கொல்லையில் தேங்காய் மட்டையைக் குவித்துக் கொளுத்தினார். சுவாலை அடங்கும்வரை எதையும் தொடவில்லை. கனிந்த தணலில் கொஞ்சத்தை வாரி அடுப்பில் பரப்பி, பித்தளை அச்சை ஏற்றி, தகர மூடி போட்டு, மீதித் தணலை மூடியின்மேல் கொட்டினார். மட்டைத் தணலுக்கு ஒரு குணம் உண்டு. விறகைப்போல் சீறாது, நின்று நிதானமாகச் சுடும். "மேலே தீ அதிகம், கீழே தீ குறைவு. இது தலைகீழாகிவிட்டால் அடி பிடித்துவிடும்" என்றார். அவர் நேரம் பார்க்கவில்லை. கையை மூடிக்கு மேலே நீட்டிச் சூட்டைக் கணித்தார், வாசனை மாறியதும் மூடியைத் திறந்தார். பஹுலுவும் குவே பாக்காரும் இதே முறைதான் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார்.

நூல்களில் தேடத் தொடங்கியபோது வழி மேற்கே திரும்பியது. கோவாவில் பெபிங்கா இருக்கிறது. மைதா, முட்டை மஞ்சள்கரு, சர்க்கரை, தேங்காய்ப்பால், நெய் சேர்த்து, ஒரு அடுக்கு வெந்த பிறகு அதன்மேல் அடுத்ததை ஊற்றுவார்கள். வழக்கமாக ஏழு அடுக்கு. அங்கேயும் மேலிருந்துதான் தணல். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கையில் தேங்காய்ப்பூவும் பாணியும் சேர்த்துச் சுடும் பிபிக்கன் கிறிஸ்துமஸ் மேசையில் இருக்கும். மக்காவுக் கத்தோலிக்கர் தேங்காய்ப்பாலில் ஒரு பெபிங்கா செய்கிறார்கள். கோவா, கொழும்பு, மலாக்கா, மக்காவு என்று வரிசைப்படுத்தினால் போர்ச்சுக்கீசியக் கப்பல் போன தடமாகவே தெரிகிறது. 1511 முதல் 1641 வரை அவர்கள் பிடியில் இருந்த மலாக்கா, ஜோகூரின் மூவார் ஆற்றிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். எல்லாவற்றையும் அவர்கள் கணக்கில் எழுதிவிடலாம்போல் இருக்கும்.

எனக்கு அது ஒப்பவில்லை. போர்ச்சுக்கீசியர் ஊரில் சுவர் வைத்துக் கட்டிய ரொட்டி அடுப்பு உண்டு. அந்த வகை அடுப்பு ஜோகூர் பாருவிலும் இருக்கிறது. ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ கடை விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடுகிறது. ஜாலான் டோபியில் சலாஹுதீன் பேக்கரி 1937 முதல் ரொட்டி போடுகிறது. அப்படி ஓர் அடுப்பு கட்ட வசதியில்லாத வீட்டில், ஒரு சட்டியையும் ஒரு மூடியையும் வைத்துக்கொண்டு அதே வேலையை வாங்கிய கைகள் வேறு. பெயர் கப்பலில் வந்திருக்கலாம், மஞ்சள்கருவும் சர்க்கரையும் வந்திருக்கலாம். தணல் வைக்கும் வித்தையை அரிசியும் தென்னையும் இருந்த வீட்டுப் பெண்களே கண்டிருக்க வேண்டும். ஒருமுறை அல்ல, பல கரைகளில் பலமுறை.

இதை உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவு தந்தது கள். செபுத் தீவில் மண்டாவே என்ற ஊர் பிபிங்காவுக்குப் பேர்போனது. அங்கே அரைத்த அரிசி மாவைப் புளிக்கவைப்பது துபா, அதாவது தென்னங்கள். சாமார், லேய்த்தே தீவுகளில் சலுகாரா என்றொரு தோசை போன்ற பண்டம் உண்டு, அதற்கும் கள்தான் புளிப்பு. அக்கா இதைச் சொன்னபோது எனக்குக் குளுவாங் தோட்டத்தில் இருந்த அப்பாயி கண்முன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பத்துக்குச் சனிக்கிழமை மாலையே யாராவது ஒரு பையன் கள்ளுக்கடைக்கு ஓட வேண்டும். மாவு ஊறும் பானையில் ஒரு கிளாஸ் கள் விழும். மறுநாள் அப்பச்சட்டி அடுப்பில் ஏறும், மூடியின்மேல் நாலைந்து தணல் துண்டு. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் சுட்டிருக்கிறார்கள். பச்சரிசி, தேங்காய்ப்பால், கள், இரண்டு பக்கத் தணல். மண்டாவே பிபிங்காவுக்கும் எங்கள் அப்பத்துக்கும் இடையில் மாறுவது முட்டையும் வாழையிலையும்தான். கடலோடிய பிலிப்பீனோக்கள் இந்தக் கள்ளிறக்கும் கலையை மணிலா கப்பல்களில் மெக்சிகோவரை கொண்டுபோனார்கள். அங்கே கொலிமாவில் இன்றும் அதற்குத் துபா என்றுதான் பெயர்.

அப்பாயி பிங்காவும் செய்வார். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் கிழங்கைத் தின்று பிழைத்த தலைமுறை அது. மரவள்ளியே தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். பிலிப்பீன்சுக்கு ஸ்பானியர் கொண்டுவந்தது. அரிசி அப்பத்தின் சட்டியில் கிழங்கு ஏறியதும் டின்பால் ஏறியதும் வேறுவேறு ஆட்சிகளின் சுவடு. டின்பாலும் பேக்கிங் பவுடரும் 1898க்குப் பிறகு அமெரிக்க ஆட்சியில் அங்கே பரவின. பேக்கிங் பவுடர் வந்ததும் பல ஊர்களில் கள் வெளியே போயிற்று. அது எனக்கு வருத்தமான விஷயம், ஏனென்றால் ஊருக்கு ஊர் மாறிய புளிப்பு அதோடு போனது.

தேடலில் தமிழ்நாடு வேறொரு வாசல் வழியாகவும் வந்தது. 1762 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் படை ஒன்று சென்னையிலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறியது. டிரேப்பர் தரைப்படைத் தலைவர், கார்னிஷ் கடற்படைத் தலைவர். உடன் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் பல நூறு பேர். அக்டோபர் 6 அன்று மணிலா விழுந்தது. 1764இல் ஆங்கிலேயர் திரும்பினார்கள், சிப்பாய்களில் பலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கைந்தா எதற்குப் புகழ்பெற்றது தெரியுமா? சுமான், பிபிங்கா, லாத்திக் என்ற பலகாரங்களுக்கு. மூன்றின் பெயரையும் சேர்த்து ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள்.

அதை முதலில் படித்தபோது மனம் துள்ளியது. ஆனால் பிபிங்காவை நம் சிப்பாய்கள் கொண்டுபோனார்கள் என்று எழுத என் கை வராது. வடக்கே இலோக்கோஸ் முதல் நடுவே விசாயத் தீவுகள் வரை ஊருக்கொரு பிபிங்கா இருக்கிறது. ஒரு கிராமத்தில் தங்கிய சில நூறு ஆண்கள் அத்தனை தீவுகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. மாட்டுவாலை நிலக்கடலைச் சாற்றில் வேகவைக்கும் கரே-கரேயைக்கூடச் சிப்பாய்களின் கறி என்று சொல்பவர்கள் உண்டு. அதில் சீரகமும் இல்லை, மல்லியும் இல்லை. நான் நம்புவது வேறு: தஞ்சையிலிருந்தோ வட ஆற்காட்டிலிருந்தோ போன ஒருவன், மாமியார் வீட்டில் மண்சட்டியின் மேல் தணல் வைப்பதைக் கண்டிருந்தால், அவனுக்கு அந்த அடுப்படி அந்நியமாக இருந்திருக்காது.

போன டிசம்பரில் அக்காவை வீட்டுக்கு அழைத்து மண்டாவே முறையில் சுட்டோம். மக்சிக் கொடுத்த மட்டையில் மூட்டிய தணல், அம்மாவின் பழைய அப்பச்சட்டி, வாழையிலை. கள்ளுக்கு ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் முதல்நாளே சொல்லிவைத்தேன். மாவு இரவு முழுக்கப் பொங்கி, காலையில் நுரை கட்டி நின்றது. முதல் சட்டியை இறக்கியதும் அம்மா ஓர் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, "அப்பம்தானே இது, நடுவில் முட்டையை ஏம்மா வெச்ச?" என்று அக்காவைக் கேட்டார். முட்டை இல்லாவிட்டால் பிபிங்கா ஆகாது என்றார் அக்கா. அம்மா அடுத்த சட்டிக்கு மாவு ஊற்றி, முட்டை வைக்காமல் மூடினார்.