காய்ச்சுவோரும் சீவுவோரும்

'காய்ச்சுதல்' என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் பலருக்கு நினைவில் வருவது கசிப்புத்தான். பற்றைக்குள் ஒளித்துவைத்த பீப்பாய், பொலிஸ் சுற்றிவளைப்பு, மறுநாள் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. அந்த நான்கு வரிகளை நானும் எத்தனையோ தடவை செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால், உலகின் பல நாடுகளில் வீட்டிலே பியர் காய்ச்சுவது ரோசாத் தோட்டம் வைப்பதைப் போல மதிப்புக்குரிய பொழுதுபோக்கு. அத்தகைய ஒருவரிடம் "உமக்குப் பிடித்த பியர் எது?" என்று கேட்டால் கடையில் வாங்குவதைச் சொல்லமாட்டார், தன் கையால் காய்ச்சுவதைச் சொல்வார்.

இந்த மதிப்பு சட்டத்தோடு வந்து சேர்ந்தது. பிரித்தானியாவில் 1880 தொடக்கம் வீட்டில் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. 1963 இல்தான் அந்த விதி நீங்கியது. அமெரிக்காவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 ஒக்டோபரில் ஒப்பமிட்ட சட்டம், வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டில் 200 கலன் வரை வரியின்றிக் காய்ச்ச வழிவிட்டது. 1980 இல் கலிபோர்னியாவில் 'சியரா நெவாடா' ஆலையைத் தொடங்கிய கென் குரோஸ்மன், வீட்டில் காய்ச்சிப் பழகியவரே. இலங்கையிலோ 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே நான் இங்கு எழுதுவது கொழும்பில் செய்து பார்த்ததன்று; கனடாவின் ஸ்காபரோவில், என் பள்ளித் தோழன் ஒருவனின் நிலக்கீழறையில் கண்டும் சுவைத்தும் அறிந்தது.

குடி குடும்பங்களைத் தின்பதை அறியாதவனல்லன் நான். இது குடிக்குச் சொல்லும் புகழுரையன்று. ஒரு கைத்தொழிலைப் பற்றிய குறிப்பு.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். 20 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 5 கிலோ முளைவித்த பார்லி வேண்டும். அதை உடைத்து, 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டால், தானியத்திலுள்ள மாப்பொருள் சீனியாக மாறும். வடித்தெடுத்த இனிப்பு நீரை ஹொப்ஸ் பூக்களுடன் இன்னுமொரு மணிநேரம் கொதிக்கவைக்கவேண்டும். கசப்பும் வாசனையும் அந்தப் பூ தருவது. பின்னர் விரைவாக ஆறவைத்து மதுவத்தைத் தூவினால், இரண்டு கிழமைகளில் அது சீனியை உண்டு மதுசாரமாக்கிவிடும். போத்தலில் அடைக்கும்போது சேர்க்கும் சிறிதளவு சீனி நுரையைத் தருகிறது. 1516 இல் பவேரிய ஆட்சியாளர் பிறப்பித்த புகழ்பெற்ற கட்டளை பார்லி, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. அதில் மதுவத்தின் பெயர் இல்லை. காய்ச்சுபவர் நீரைக் கொதிக்கவைக்கிறார்; அதைப் பியராக்குவது மதுவமே என்பது பிற்காலத்தில் தெரியவந்த உண்மை.

தோழனின் முதல் விருப்பம் ஸ்டவுட். கோப்பிக்கொட்டையைப் போல் கருக வறுத்த பார்லியைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். நிறமும் அந்தக் கருகல் சுவையும் வந்துவிடும். புதிதாகப் பழகுவோருக்கும் இதுவே பொருத்தமானது என்பான். வறுவலின் வாசனை சிறுகுறைகளை மூடிவிடுமாம். எனக்கும் இதுவே பிடித்தது. காரணம் ஊர்ப்பற்று. 1881 இல் நுவரெலியாவின் குளிரில் தொடங்கிய ஆலையின் வழிவந்த லயன் ஸ்டவுட், 8 வீதத்துக்கும் மேற்பட்ட மதுசாரம் கொண்ட கனத்த வகை. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் (பாடகர் அல்லர், பியரைப் பற்றி எழுதியே பெயர்பெற்று 2007 இல் மறைந்தவர்) அதனைப் போற்றி எழுதியதால் வெளிநாட்டுச் சுவைஞர் பலரும் அதை அறிந்தனர்.

இரண்டாவது, தென்ஜேர்மனியரின் கோதுமைப் பியர். தானியத்தில் பாதியோ அதற்கு மேலோ கோதுமை. கலங்கலாக இருக்கும் அதை முகர்ந்தபோது எனக்கு வியப்பு. வாழைப்பழமும் கராம்பும் கலந்த வாசனை! "இதுக்குள்ளை என்னடா போட்டனி?" என்று கேட்டேன். "ஒண்டும் போடேல்லை மச்சான், எல்லாம் மதுவத்தின்ரை வேலை" என்றான். உண்மைதான். அந்த இனத்து மதுவம் நொதிக்கும்போது தானே உண்டாக்கும் சேர்வைகள் அவை. வெப்பம் கூடினால் பொதுவாக வாழைப்பழ வாசனை மேலோங்கும், குறைந்தால் கராம்பு.

உலகெங்கும் அதிகம் விற்பனையாகும் லாகரை அவன் விரும்பிக் காய்ச்சுவதில்லை. அது 10 பாகை அளவிலான குளிரில் மெல்ல நொதித்து, பின்னர் உறைநிலைக்கு அண்மையில் பல கிழமைகள் கிடந்து தெளியவேண்டியது. நிலக்கீழறையின் 18, 20 பாகை ஸ்டவுட்டுக்குத் தோது, லாகருக்கு அதிகம்.

மூன்றாவது வகைதான் என்னை நெடுநேரம் பேசவைத்தது. நோர்வேயின் மேற்குப் பகுதிக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த 'குவைக்' என்ற மதுவம் கொண்டு காய்ச்சும் பண்ணைப் பியர் அது. முன்னாளில் ஒருமுறை காய்ச்சி முடிந்ததும், அடியில் தங்கும் மதுவத்தைத் துணியிலோ மரவளையத்திலோ காயவிட்டு அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பார்கள். பனிநாட்டில் வளர்ந்த இந்த மதுவம் 35 பாகை வெப்பத்திலும் நன்றாக வேலைசெய்து, சில நாட்களிலேயே நொதித்து முடித்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலையும் தாங்கக்கூடியது!

"இதை எங்கையோ கண்டமாதிரி இருக்கேல்லையே?" என்று கேட்டான் தோழன். கண்டிருந்தோம். கள்ளு இறக்கும் முட்டியின் அடியில் முதல்நாள் தங்கிய மதுவம்தான், இன்றைய பாளைநீரைப் பொங்கவைக்கிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிப்புத் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும், பூசாவிட்டால் கள்ளு. எவ்வளவு துல்லியமான அறிவு! தானியத்தை ஊறவைக்கவேண்டியதில்லை, கொதிக்கவைக்கவேண்டியதில்லை. ஆனால் பியர் காய்ச்சுபவனுக்கு இல்லாத ஒன்று இதில் உண்டு. காலையும் மாலையும் அந்த மரத்தில் ஏறியாகவேண்டும்.

இதனை அவனுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவனது தகப்பனார் சீவல் தொழிலாளி. எங்கள் வளவுப் பனைகளையும் அவரே சீவினார். தளநாரும் பாளைக்கத்தியுமாக அவர் ஏறி இறங்குவதைச் சிறுவயதில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஊரிலே பிளாவில் கள்ளை வார்த்துக் குடிக்கப் பலர் இருந்தனர். வார்த்தவரைத் திண்ணையில் இருத்தத்தான் ஆளில்லை. அவருக்குத் தேநீர் கொடுத்த சிரட்டையும் மூக்குப்பேணியும் வேறாக வைக்கப்பட்டிருந்தன. தன் மகன் ஒருநாளும் மரத்தில் காலெடுத்து வைக்கக்கூடாது என்று அவர் உறுதிபூண்டார். மகன் படித்தான், புலம்பெயர்ந்தான், பொறியியலாளனானான்.

அவனோடு வேலைசெய்யும் கனடியர்கள் அவனது ஸ்டவுட்டைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். செய்முறை கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் ஒரு கல்யாணவீட்டில் நம்மவர் ஒருவர், பலர் கேட்க, "கனடாவுக்கு வந்தும் அந்தத் தொழிலை விடேல்லையோ?" என்று சிரித்தாராம். அன்றிரவு எல்லாப் போத்தல்களையும் ஊற்றிவிட நினைத்ததாகச் சொன்னான்.

"பிறகு ஏன் ஊத்தேல்லை?"

"ஐயா செய்ததிலை கால்வாசிகூட நான் செய்யேல்லை மச்சான். அவர் மரம் ஏறினவர், நான் படி இறங்கிறன். அவருக்குக் கிடைக்காத பேர் எனக்குக் கிடைக்குது. அதை ஏன் ஊத்துவான்?"

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைக்கப்பட்டது. தவறணைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. எனினும், இளையவர்கள் இத்தொழிலுக்கு வருவதில்லை என்ற கவலையைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். வருமானம் போதாது என்பார்கள். விழுந்தால் உயிர் போகும் என்பார்கள். இரண்டும் உண்மை. மூன்றாவது காரணத்தை மேடையில் எவரும் சொல்வதில்லை. பண்டத்தை வாங்கிக்கொண்டு மனிதனைப் படலைக்கு வெளியே நிறுத்திய தொழிலுக்கு எந்தத் தகப்பன் தன் மகனை அனுப்புவான்?

நோர்வேயின் கமக்காரர் வீட்டு மதுவத்தை இன்று ஆய்வுகூடங்கள் பேணுகின்றன. அதைக் காத்த ஊர்களின், பண்ணைகளின் பெயர் சொல்லியே பியர் காய்ச்சுவோர் பெரும்பாலும் அதனை வாங்குகிறார்கள். எங்கள் பனைகளில் ஏறியவர்களின் பெயர்களை எந்தப் போத்தலிலும் நான் கண்டதில்லை. தோழன் தன் ஸ்டவுட்டுக்கு ஒட்டும் சிறு தாளில் மட்டும் தகப்பனாரின் பெயர் தமிழில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாத கனடியர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அவனும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொல்கிறான்.