செயற்கை மொழியில் ஒரு ஹம்லெற்

மொழியொன்றை ஒருவன் தனியே இருந்து ஆக்கிவிடலாம். எழுத்துகளை வகுத்து, வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் நிரற்படுத்தி, சொற்பட்டியலொன்றையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது போலவே தோன்றும். ஆயின், அது மொழிதானா என்பது வேறொரு மொழியின் நூலை அதிற் பெயர்க்க முற்படும்போதே தெரியவரும். எஸ்பெராந்தோவை ஆக்கிய ஸாமென்ஹொவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ரஷ்யப் பேரரசுக்குட்பட்டிருந்த பியாலிஸ்ரொக் நகரில், 1859 இல், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். ரஷ்யர், போலந்தியர், ஜேர்மானியர், யூதர் ஆகிய நான்கு சாராரும் தத்தம் மொழியாற் பிரிந்து, ஒருவரை ஒருவர் ஐயுற்று வாழ்ந்த நகரம் அது. எவருக்கும் உரித்தாகாத மொழியொன்று எல்லோருக்கும் இரண்டாம் மொழியாகுமாயின் இப்பகை தணியும் என அவர் இளமையிலேயே நம்பினார்.

ஆனால் அகராதியின் பருமன் அவரை மலைக்க வைத்தது. தெருவிலே கண்ட இரு பெயர்ப்பலகைகள் வழிகாட்டின. வாயிற்காவலரின் அறைக்கும் இனிப்புக் கடைக்கும் ரஷ்ய மொழியில் ‘ஸ்காயா’ என்ற ஒரே ஈறு வந்திருந்தது. ஓர் ஈற்றாற் பல சொற்களை ஆக்கலாமெனின் அகராதியிற் பெரும்பகுதி வேண்டப்படாதல்லவா? ‘சானா’ என்பது நலமுள்ள எனப் பொருள்படும். ‘மல்’ முன்னே சேர்ந்தால் எதிர்ப்பொருள் தரும். ‘உல்’ ஆளையும் ‘எய்’ இடத்தையும் குறிக்கும். ‘ஓ’ பெயர்ச்சொல்லின் ஈறு. ஆகவே ‘மல்சானுலெயோ’ என்பது நலமற்றோர் இருக்குமிடம், அதாவது வைத்தியசாலை. ஒட்டுநிலை மொழி பேசும் நமக்கு இது அத்துணைப் புதுமையன்று.

1878 இலேயே மொழியின் முதல் வடிவம் உருவாகிவிட்டபோதும், அவர் அதனை உடனே வெளியிட்டாரல்லர். பல ஆண்டுகள் அதிற் பெயர்த்தும் எழுதியும் பார்த்தார். கோட்பாட்டளவிற் சிறந்தனவாகத் தோன்றிய பல, நடைமுறையில் இடறின. இன்றியமையாதன எனக் கருதிய சில வெறுஞ் சுமையாயின. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்து, அம்மொழியிலேயே சிந்திக்கத் தலைப்பட்ட பின்னரே அதற்குத் தனக்கென ஓர் உயிர்ப்பு வந்தது எனப் பின்னாளில் ஒரு கடிதத்தில் அவர் கூறியுள்ளார். இலக்கணம் எழுதுவோர் பலர் இதனை ஒப்புக்கொள்வதில்லை.

1887 இல் வார்சோவில் வெளிவந்த முதல் நூலில் 16 விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் இருந்தன. அவற்றோடு விவிலியப் பகுதியும் ஹைனேயின் கவிதையொன்றும் பெயர்ப்பாக இடம்பெற்றன. மொழியின் மீது தமக்கிருந்த உரிமை முழுவதையும் அந்நூலிலேயே அவர் துறந்தார்.

அத்துறவு மெய்யானதா என்பது 1894 இற் சோதிக்கப்பட்டது. குறை கூறியோரின் வற்புறுத்தலுக்கிணங்கி, இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ன்’ முதலியவற்றை நீக்கும் திருத்தமொன்றை அவரே முன்வைத்தார். அவரது சஞ்சிகையின் வாசகர்கள் வாக்களித்து, பெரும்பான்மையாக அதனை நிராகரித்தனர். ஆக்கியவரின் சொல்லும் எடுபடவில்லை! அதே ஆண்டிலேயே ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ முழுவதும் அவரது பெயர்ப்பாக, பழைய இலக்கணத்தின்படியே வெளிவந்தது. செய்யுளைப் பெயர்ப்போனுக்குச் சொற்களை இடம் மாற்றும் சுதந்திரம் வேண்டும். அதனை வழங்குவது அந்த ‘ன்’ உருபே. தாம் கைவிடத் துணிந்த உருபின் பயனை அவருடைய பெயர்ப்பே காட்டி நிற்கின்றது.

பகலிற் கண் வைத்தியராகத் தொழில் புரிந்த அவர், பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து பெயர்த்து 1915 இல் முடித்தார். 1917 இற் காலமானமையால் அதனை முழு நூலாகக் காணவில்லை. 1926 இலேயே அது புதிய ஏற்பாட்டுடன் சேர்ந்து வெளிவந்தது.

அவருடைய இளைய மகள் லிடியாவும் பெயர்ப்பாளரே. ‘குவோ வாடிஸ்’ என்னும் போலிஷ் நாவல் 1933 இல் அவரது எஸ்பெராந்தோப் பெயர்ப்பாக வெளிவந்தது. யூதர் என்ற காரணத்தால் 1942 இல் திரெப்ளிங்கா முகாமில் அவர் கொல்லப்பட்டார்.