ரெண்டாயிரம் ரூபாயும் ரெண்டு காதும்

மூன்றாவது இயர்போனும் போய்விட்டது. வலது பக்கம் மட்டும் பாடியது. ஜாக் பக்கத்தில் ஒயரை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் இடது பக்கமும் வரும். பல்லாவரத்தில் பஸ் ஏறி, சைதாப்பேட்டை தாண்டும் வரைக்கும் கட்டை விரலால் ஒயரை அழுத்திப் பிடித்தபடியே பாட்டு கேட்டவன், அன்றைக்கு இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்தான். இந்தத் தடவை நல்லதாக ஒன்று வாங்கிவிட வேண்டும்.

பி.காம். இறுதி ஆண்டு. பத்தாம் வகுப்புப் பையன்கள் ரெண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் சேர்ந்தது ரெண்டாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. ஊருக்குப் போன் போட்டால் அப்பா அனுப்புவார்தான். ஆனால் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவரிடம் பாட்டு கேட்க இயர்போன் வேண்டும் என்று கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது.

முதல் வேலையாக ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே போனவர்களுக்குத் தெரியும், சும்மா வேடிக்கை பார்க்கிறவனையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார்கள். "தம்பி, இத பாருங்க. அம்பது எம்.எம். டிரைவர். பேஸ் சும்மா அதிரும்!" காதில் மாட்டிவிட்டார் கடைக்காரர். அதிர்ந்தது. உண்மையிலேயே அதிர்ந்தது. விலை ஆயிரத்து எண்ணூறு. வாங்கியே விட்டிருப்பான். "நாளைக்கு வர்றேண்ணே" என்று தப்பித்து வந்ததற்குக் காரணம் அறிவு இல்லை, பர்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததுதான்!

அந்த வீட்டில் நாலு பேர். அதில் மூத்தவர் கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவர். எல்லாருக்கும் அவர் 'ஸ்டுடியோ அண்ணன்'. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அம்பது எம்.எம்.னா என்னடா அர்த்தம்? உள்ள இருக்கிற தகடு பெருசு. அவ்வளவுதான். பெரிய அண்டாவுல வெச்சா சாம்பார் ருசியா இருந்துடுமா?"

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அங்கேதான் பாடம் ஆரம்பித்தது.

மனிதக் காது கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயசாக ஆக மேல்பக்கம் குறையும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி எழுப்புவது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிடார் எல்லாம் கீழே. மனிதக் குரலின் உடம்பு நடுவில். 'ச', 'ஸ' என்கிற உரசல், சிம்பல்ஸின் சலசலப்பு எல்லாம் மேலே. இந்த மூன்று பகுதியையும் ஒரு ஹெட்போன் எந்த அளவில் கொடுக்கிறது என்று அளந்து போட்ட கோடுதான் அதன் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ். டப்பாவில் '20 ஹெர்ட்ஸ் - 20 கிலோஹெர்ட்ஸ்' என்று எல்லாரும்தான் அச்சடிக்கிறார்கள். அது ஒன்றும் சொல்லாது. அந்தக் கோடு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதுதான் விஷயம். கடைக்காரர் மாட்டிவிட்டதில் கீழ்ப்பக்கம் ஒரு மலையே இருந்திருக்கும். அந்த மலைக்குப் பின்னால் பாடகர் ஒளிந்துகொண்டிருப்பார்.

எந்தக் கோடு நல்ல கோடு? 2010களில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவும் நிறைய பேரைக் கேட்க வைத்துச் சோதித்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ, அதற்குக் கிட்டத்தட்ட வருகிற ஒலியைத்தான் பெரும்பான்மையோர் விரும்பினார்கள். அதற்கு ஒரு மாதிரிக் கோடும் வரைந்தார்கள். இன்றைக்குப் பல நிறுவனங்கள் அதை ஒட்டியே தயாரிக்கின்றன.

வணிகவியல் படிக்கிறவனைத் தூக்கிவாரிப் போட்ட செய்தி அடுத்தது. 2017-இல் ஜெரோன் பிரெபார்ட் என்கிற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விலைக்கும் இந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று வந்தது! விலை ஏற ஏறத் தரம் ஏறும் என்கிற நம்பிக்கை இங்கே எடுபடவில்லை. அதிக விலை கொடுத்தால் நல்ல தோல், நல்ல பெட்டி, நல்ல பெயர், வசதி எல்லாம் கிடைக்கலாம். நல்ல ஒலி கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் இல்லை.

இதை நன்றாகப் பிடித்துக்கொண்டது சில சீன நிறுவனங்கள். 2022-இல் மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்று ரெண்டு ஒயர் இயர்போன்கள் வந்தன. ரெண்டுமே வெளிவந்தபோது சுமார் 20 டாலர்தான். பல மடங்கு விலையுள்ளவற்றோடு அவற்றை வைத்துப் பேசினார்கள். சால்நோட்ஸ் ஜீரோவில் ஒயரைக் கழற்றி மாட்டலாம். சூவின் முதல் வடிவத்தில் அந்த வசதி கிடையாது, 2023-இல் வந்த ரெண்டாவது வடிவத்தில் கொடுத்தார்கள்.

கழற்றி மாட்டும் ஒயர்! மூன்று இயர்போனை ஒயருக்குப் பலி கொடுத்தவனுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். தேய்மானக் கணக்கு, நேர்கோட்டு முறை. எஞ்சிய மதிப்பு எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

350 ரூபாய் இயர்போன், நாலு மாசம் ஆயுள்: மாசம் 88 ரூபாய்.

1,800 ரூபாய் ஒயர் இல்லாத பட்ஸ், ரெண்டு வருஷம் ஆயுள்: மாசம் 75 ரூபாய். அந்தக் குட்டி பேட்டரி சார்ஜ் ஏறி இறங்கியே களைத்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்ற வழியும் இல்லை. ஒன்று தொலைந்தால் மற்றது கம்மலுக்குக்கூட உதவாது.

1,600 ரூபாய் ஒயர் மாற்றும் இயர்போன், நடுவில் 400 ரூபாய்க்கு ஒரு புது ஒயர், மூன்று வருஷம் ஆயுள்: மாசம் 56 ரூபாய்.

மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் இருப்பதிலேயே அதிக விலை. ஒருவருஷமாக அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கணக்கெல்லாம் சரிடா. பஸ்ல எவ்வளவு வால்யூம் வைப்ப?" என்றார் ஸ்டுடியோ அண்ணன்.

"ஃபுல்லுண்ணே. இல்லன்னா இன்ஜின் சத்தத்துல ஒண்ணுமே கேக்காது."

"ராத்திரி படுத்தா காதுல சத்தம் வருதா?"

வந்தது. நாலைந்து மாசமாகவே வருகிறது. விளக்கை அணைத்ததும் ஒரு மெல்லிய 'ங்ங்ங்'. மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கரண்ட் போன ஒரு ராத்திரியிலும் அது நிற்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் சிரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கைச் சொன்னார். 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10. 89 என்றால் 5 மணி நேரம்தான். டெசிபெல் கூட்டுவட்டி மாதிரி. பார்க்கச் சின்ன எண்ணாக இருக்கும், மூன்று ஏறினாலே காதுக்குள் போகிற சக்தி ரெண்டு மடங்கு. பஸ்ஸில் தினமும் ரெண்டு மணி நேரம் போகிறவனுக்கு 89 டெசிபெல் என்றால், வாரத்தின் மொத்த ஒதுக்கீடும் ரெண்டரை நாளில் தீர்ந்துவிடும். மீதி எல்லாம் கடன். காதுக்குள் ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இந்தக் கடனைக் கட்ட வழியே இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனில் இயர்போன்களின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோட்டில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே?

பார்த்திருக்கிறான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஊரில் ஒரு காது மூக்குத் தொண்டை முகாமில், அப்பாவுக்கு எடுத்த பரிசோதனைத் தாள். அதிலும் ஒரு கோடு. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து 4,000 பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கும். "தறிச் சத்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் டாக்டர். சத்தத்தால் கெடுகிற காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் கெடும். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். அப்பா அதில் இருபத்தைந்து வருஷம் நின்றிருக்கிறார்.

போனில் அப்பா எப்போதும் கத்தித்தான் பேசுவார். "சாப்ட்டியா கண்ணு?" "சாப்ட்டாச்சுங்ப்பா." "என்ன? சத்தம் கேக்குது சாமி, என்ன சொல்றீன்னுதான் வெளங்கல." குரலின் உடம்பு கேட்கும். 'ச', 'த', 'ப' என்கிற மெய்யெழுத்துகளின் கூர்மை கேட்காது. அதனால்தான் சத்தம் கேட்டும் சொல் விளங்குவதில்லை. அவர் அந்தக் காதைக் கொடுத்தது வீட்டில் அடுப்பெரிய, பிள்ளை பி.காம். படிக்க. பிள்ளை அதே சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கிக் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகவில்லை. 1,600 ரூபாயில் ஒயர் மாற்றும் இயர்போன் ஒன்று வாங்கினான். பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் முனைகள். இதைப் பலர் தொடுவதே இல்லை, மாட்டியிருப்பதையே போட்டுக்கொண்டு "பேஸே இல்லை" என்று புலம்புவார்கள். முனை காதுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் கீழ்ச்சுருதி எல்லாம் கசிந்துவிடும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். அவனுக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது. ரெண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

முதலில் போட்டது 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் அந்த கிடார் பாட்டு. நூறு தடவை கேட்ட பாட்டு. கிடாருக்கு அடியில் பேஸ் தனியாக ஒரு வழியில் நடந்துகொண்டிருந்தது இத்தனை நாளாகத் தெரியாது. அதிரவில்லை. நடந்தது.

பஸ்ஸில் வால்யூம் பாதிக்கும் கீழே வந்தது. முனைகள் காதை அடைத்துக்கொண்டதால் இன்ஜின் சத்தம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. காசு அதிகம் இருக்கிறவர்கள் வாங்குகிற சத்தம் நீக்கும் ஹெட்போன்களும் முக்கியமாக இந்த இன்ஜின் மாதிரியான ஒரே சீரான உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சை அந்த அளவுக்குக் குறைக்காது. ஒன்று மட்டும் கவனம்: ரோட்டைத் தாண்டும்போது கழற்றிவிட வேண்டும். ஹாரனும் தூரத்துக்குப் போய்விடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு அவன் சொல்வது இவ்வளவுதான். டிரைவர் அளவையும் டப்பாவில் எழுதியிருப்பதையும் விட்டுவிட்டு, அளந்து போட்ட கோட்டைப் பார்க்கவும். போனில் நேராகச் சொருகுவதாக இருந்தால் 16 அல்லது 32 ஓம் போதும், 250, 300 ஓம் எல்லாம் ஸ்டுடியோ சமாசாரம். போனில் ஜாக் இல்லை என்றால், உள்ளே டிஏசி இருக்கிற டைப்-சி டாங்கிள் வாங்கவும், வெறும் ஒயர் மாற்றி பல போன்களில் வேலை செய்யாது. ஒலி கொஞ்சம் பிடிக்கவில்லை என்றால் வேறு வாங்குவதற்கு முன்னால் ஈக்வலைசரைத் திருகிப் பார்க்கவும், அது இலவசம். முனைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவும். வால்யூமை ஏற்றாமல் கேட்க முடிகிறதா என்று பஸ்ஸில் சோதிக்கவும். முடியவில்லை என்றால், எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் அது நல்ல ஹெட்போன் இல்லை.

ராத்திரி 'ங்ங்ங்' இன்னும் முழுசாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது, அல்லது குறைந்த மாதிரி இருக்கிறது. செமஸ்டர் லீவில் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார் ஸ்டுடியோ அண்ணன்.

மீதி 400 ரூபாய் இருந்தது. புது ஒயருக்கென்று கணக்கில் ஒதுக்கியது. அதை எடுத்து, தொழிற்சாலையில் போடுகிற நுரைக் காதடைப்பான் ஒரு பெட்டி வாங்கி ஊருக்கு அனுப்பினான். ஒதுக்கீட்டை வேறு செலவுக்குத் திருப்பியது தணிக்கையில் தப்புத்தான்.

அப்பா போன் போட்டார். "என்ன கண்ணு, இதைப் போட்டுட்டுத் தறி ஓட்டுனா நூல் அறுந்தா எப்படித் தெரியும்? சத்தத்த வெச்சுத்தான சாமி கண்டுபுடிக்கறது?"

"சத்தம் கொறயும்ங்ப்பா. அடியோட நிக்காது. மாறுனா தெரியும்."

"என்ன?"

கத்திச் சொன்னான். அப்பா சரி என்றாரா, கேட்காமலே சரி என்றாரா தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் கேட்டான். "போடறாருடா. ஒரு காதுல மட்டும் போடறாரு. இன்னொண்ணு தறிக்காமா!"

பாதி வசூல். மீதியை லீவில் நேரில் போய் வாங்க வேண்டும்.