ஆம்பின் ஜாதகம்

கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், சேமிப்பைச் சுரண்டி ஒரு பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப் வாங்கினேன். விற்றவர் சீரியல் நம்பரைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டி, 1964 என்றார். 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். கைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆம்ப் என்றால் விலையே வேறு. நானும் அந்த விலைதான் கொடுத்தேன்.

ஒருநாள் 'உம்ம்ம்' என்று இரைச்சல் கிளம்ப, பழுதுபார்க்கும் கிழவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். முதலில் அதை வடித்தார். பிறகு பெட்டிக்குள் ஒட்டியிருந்த ட்யூப் சார்ட்டைக் காட்டினார். மங்கலான ரப்பர் ஸ்டாம்ப்பில் இரண்டு எழுத்து: ஓ, சி. முதல் எழுத்து வருடம். 1951-ஐ 'ஏ' என்று வைத்து எண்ணினால், 'ஓ' 1965. அடுத்த எழுத்து மாதம். 'சி' என்றால் மார்ச்.

அப்ப சீரியல் நம்பர் பொய்யா?

பொய்யில்லையாம். அது சேசிஸின் எண். எண் குத்திய சேசிஸ்கள் அடுக்கிக் கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டுவார்கள். வரிசையாகவே வெளியே போகும் என்று சொல்ல முடியாது. ட்ரான்ஸ்ஃபார்மரில் 606447 என்றிருந்தது. 606 என்றால் ஷூமேக்கர் கம்பெனி, 4 என்பது 1964, 47, வாரம். அதுவும் அந்தப் பாகத்தின் பிறப்பு மட்டுமே. ஆம்ப் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. சர்டிஃபிகேட்டில் அவர் பிறந்தது ஜூன் 1. பள்ளியில் சேர்த்த அன்றைக்கு வாத்தியார் போட்ட தேதி. ஆச்சியைக் கேட்டால், "ஐப்பசி அடைமழையில பெறந்தவன்டா அவன்" என்பாள். ஆனாலும் மே 31-ஆம் தேதி மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். "அஞ்சு மாசச் சம்பளம் அந்த வாத்தியாருக்குக் குருதட்சணை" என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

போன வருடம் ஊர் திரும்பும்போது ஆம்பை விற்க வேண்டியிருந்தது. வாங்க வந்த பையன் சீரியல் நம்பரைப் பார்த்ததும், "1964-தானே?" என்று கண் விரியக் கேட்டான். 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். எனக்குச் சொன்னதும் அதைத்தான். டார்ச் அடித்து ஸ்டாம்ப்பைக் காட்டினேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. விலையைக் குறைத்துக் கேட்டான்.

கொடுத்தேன்.