லினக்ஸ்ல மைக் இரைச்சல்: ஒரு டாக்டரின் திரெட்

வீடியோ கன்சல்டேஷன்ல "பதினெட்டு யூனிட்"னு நான் சொல்றது, அந்தப் பக்கம் "எட்டு யூனிட்"னு கேட்டா என்ன ஆகும்? இன்சுலின் விஷயம் மக்களே. போன மாசம் ஒரு அம்மா "எட்டா டாக்டர்?"னு திருப்பிக் கேட்டாங்க. திருப்பிக் கேட்காதவங்க எத்தனை பேரோ! "உங்க குரலுக்குப் பின்னாடி ஃபேன் ஓடுற மாதிரி ஒரே இரைச்சல்"னும் சொன்னாங்க. என் ரூம்ல ஃபேன் ஓடல.

என்னோடது உபுண்டு போட்ட லேப்டாப். "லினக்ஸ்னா அப்படித்தான், விண்டோஸுக்கு மாறிடுங்க"ன்னார் ஒரு நண்பர். காய்ச்சல்னு வந்தவரைத் தொட்டுக்கூடப் பார்க்காம ஆன்டிபயாட்டிக் எழுதுற மாதிரி இருந்துச்சு. முதல்ல ஹிஸ்டரி எடுப்போம்.

சத்தம் எப்படி? "ம்ம்ம்"னு ரீங்காரமா, "ஸ்ஸ்ஸ்"னு சீறலா, "டப் டப்"னு வெடிப்பா? மூணுக்கும் காரணம் வேற வேற. எனக்கு முதல் ரெண்டும் இருந்துச்சு. நெட்டை ஆஃப் பண்ணிட்டு, லேப்டாப்லயே பத்து செகண்ட் பேசாம ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன். அதுலயும் இரைச்சல். ஆக, நெட்வொர்க் மேலயோ வீடியோ ஆப் மேலயோ பழி போட முடியாது.

சீறலுக்கு வருவோம். டெர்மினல்ல 'அல்சாமிக்சர்' திறந்து, எஃப்6 அழுத்தி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்தினா மைக் பக்கம் வரும். 'மைக் பூஸ்ட்' முழுசா 30 டெசிபல்ல நின்னுச்சு. மின்னழுத்தக் கணக்குல அது சுமார் 32 மடங்கு! குரலோட சேர்த்து சர்க்யூட்டோட சொந்தச் சீறலையும் அது பெருக்கும். 10க்கு இறக்கிட்டு மைக்கை வாய்ப் பக்கம் கொண்டு வந்தேன். சீறல் முக்கால்வாசி காலி.

ரீங்காரம்தான் சுவாரஸ்யம். ஈசிஜி எடுக்கறவங்களுக்கு இது பழைய எதிரி. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லைன்னாலோ லீடு சரியா ஒட்டலைன்னாலோ, ஈசிஜி கோடு முழுக்க ரம்பப் பல் மாதிரி நடுங்கும். மெஷின்ல ஃபில்டர் பட்டன் இருக்கு, அழுத்தினா கோடு அழகாயிடும். ஆனா முதல்ல லீடையும் எர்த்தையும் பாருன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஹார்ட் அட்டாக்கைக் காட்டிக்கொடுக்கற எஸ்டி பகுதியோட உருவத்தையே சில ஃபில்டர்கள் மாத்திடும்.

அதே முறைதான் இங்கயும். சார்ஜரைப் பிடுங்கினேன். ரீங்காரம் சட்டுனு நின்னுச்சு. மேஜைக்கு அடியில இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எர்த் ஒயரே இணைக்கலை! எலக்ட்ரீஷியன் வந்தார், அரை மணி நேரத்துல முடிஞ்சது. இது ஆடியோ பிரச்சினை மட்டும் இல்ல, ஷாக் அடிக்கற பிரச்சினையும்கூட. உங்க வீட்டு பாக்ஸையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

"டப்" கேஸுக்கு ஒரு வரி: ஸ்பீக்கர்ல சத்தம் ஆரம்பிக்கறப்பவும் முடியறப்பவும் மட்டும் வந்தா, மின்சாரம் மிச்சம் பிடிக்க சவுண்ட் கார்டு தூங்கி எழுந்திருக்குதான்னு பாருங்க. அதோட 'பவர் சேவ்' மதிப்பை 0 ஆக்கினா பெரும்பாலும் சரியாயிடும்.

கடைசியாத்தான் 'ஈஸிஎஃபெக்ட்ஸ்'. அதுல 'ஆர்என்நாய்ஸ்'னு இரைச்சல் நீக்கி இருக்கு. தெருவுல ஹாரன் அடிக்கற நேரத்துக்கு மட்டும் போட்டுக்கறேன். டோஸை எழுத்துலயும் அனுப்பிடறேன், படிக்கத் தெரியாதவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்றேன்.

இந்த மாதிரி நீக்கிகள் பேச்சுன்னு நினைக்கறதை வச்சுக்கிட்டு மத்ததைக் குறைக்கும். நோயாளியோட போன்லயும் ஆப்லயும் இதே வேலை நடக்கும். வார்த்தைகளுக்கு நடுவுல வர்ற இளைப்பு அதுக்கு வெறும் இரைச்சல். அதனால வீடியோல "வீசிங் கேட்கல"ங்கறதை நான் நம்பறதில்ல. ஒரு நீளமான வாக்கியத்தை நிறுத்தாம சொல்லச் சொல்றேன். நடுவுல மூச்சு வாங்கினா, காலைக் கட் பண்ணிட்டு உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிடறேன்.