மெழுகுக் கோட்டின் இரு பக்கம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஆலுவிகாரை இருக்கிறது. திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று பௌத்த மரபு சொல்லும் குகை விகாரைக்காகத்தான் பெரும்பாலோர் அங்கே இறங்குகிறார்கள். நான் போனது அந்த ஊரின் பத்திக் வேலையைப் பார்க்க: துணியில் உருகிய மெழுகால் கோடு போட்டு, சாயம் அதைத் தாண்டாமல் தடுக்கும் வேலை அது. 1922இல் பிறந்து 2015இல் மறைந்த ஏனா த சில்வா 1960களில் கொழும்பில் தன் மகன் அனில் ஜயசூரியவுடனும் ஓவியர் லகி சேனாநாயக்கவுடனும் சேர்ந்து இலங்கையின் பத்திக் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை பீச் ஹோட்டலில் உட்கூரையை நிறைத்திருந்த பத்திக் துணிகள் அவருடைய பட்டறையில் உருவானவை. பின்னாளில் பரம்பரை ஊரான ஆலுவிகாரைக்குத் திரும்பி, பத்திக், பூவேலைத் தையல், தச்சு, பித்தளை வார்ப்பு எல்லாவற்றுக்குமாக ஒரு மரபு மையத்தை நிறுவி, சுற்றுவட்டாரப் பெண்களுக்கு வேலை கொடுத்தார். இந்தத் தொழிலைப் பற்றி எழுதுபவர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் மரபையும் சொல்வது வழக்கம். நான் சொல்ல வந்தது, திரவத்தை ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவைக்கும் நுட்பத்தைப் பற்றி. உயிரியல் ஆய்வுகூடங்களுக்கு நுண்பாய்வுக் கருவி செய்து கொடுக்கும் நிறுவனங்கள் காசாக்குவதும் இந்த நுட்பத்தைத்தான். அந்தத் துறையில் மாத்தளையின் மெழுகுக்காரர்களுக்கு இடம் உண்டு, அதுவும் தொழில் தெரிந்தவர்களாக என்பதே என் வாதம்.

நுண்பாய்வு என்பது தலைமுடியின் தடிப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரையான வாய்க்கால்களில் இரத்தம், சிறுநீர், உயிரணுக் கரைசல் போன்றவற்றை ஓடவிட்டு ஆராயும் துறை. அவ்வளவு சிறிய வாய்க்காலில் நீர் நாம் பழகிய மாதிரி நடந்துகொள்வதில்லை. சுழிப்பதில்லை, இரண்டு திரவங்களை ஒன்றாக விட்டால் கலக்காமல் அருகருகே ஓடும், எல்லையில் மட்டும் மெல்ல ஒன்றுக்குள் ஒன்று ஊறும். 1998இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு சிலிக்கோன் இரப்பரில் இந்த வாய்க்கால்களை விரைவாக வார்த்தெடுக்கும் வழியைக் காட்டியது. 2000இல் ஸ்டீபன் குவேக்கின் குழு அதே இரப்பரில் காற்றழுத்தத்தால் திறந்து மூடும் அடைப்பான்களைச் செய்தது. அவர் இணைந்து தொடங்கிய ஃப்ளூயிடைம் நிறுவனம் அத்தகைய கருவிகளை விற்றது. தூசு புகாத அறை, ஒளி அச்சு, பம்பு, நுணுக்குக்காட்டி என்று இதற்கு வேண்டியவை நீண்டுகொண்டே போகும். இதுதான் நுண்பாய்வு என்றால் மாத்தளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் 2007இல் அதே வைட்சைட்ஸ் குழு பம்பும் இரப்பரும் இல்லாமல் வடிதாளிலேயே வாய்க்கால் செய்தது. தாளின் நார்களே நீரை இழுத்துப் போகும். போகக் கூடாத இடத்தை நீரொட்டாப் பொருளால் அடைத்தால் போதும். 2009இல் அந்த அடைப்புக்கு மெழுகு வந்தது. மெழுகு மை பாவிக்கும் ஸெரொக்ஸ் அச்சியந்திரத்தில் கோடுகளை அச்சிட்டு, தாளைச் சற்று நேரம் சூடாக்கினார்கள். மெழுகு உருகித் தாளின் முழுத் தடிப்புக்கும் இறங்கிச் சுவராக நின்றது. அதைச் செய்தவர்கள் எந்தக் கட்டுரைகளைப் படித்து வந்தார்களோ தெரியாது. செய்த வேலை பத்திக் வேலை.

ஒற்றுமை மேலோட்டமானதா என்பதைப் பட்டறையில் ஒரு கோடு போடப்படுவதைக் கிட்ட நின்று பார்த்தால் முடிவு செய்யலாம். அடுப்பின்மேல் சட்டியில் பரஃபினும் தேன்மெழுகும் கலந்து உருகிக்கொண்டிருக்கும். பரஃபின் மலிவு, ஆனால் ஆறியதும் நொறுங்கும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், துணியைப் பிடித்துக்கொள்ளும். கலவையின் பங்கை வேலைக்குத் தக்கபடி மாற்றுகிறார்கள். சட்டியில் மெழுகு உருகியிருந்தால் மட்டும் போதாது. சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உறைந்து நிற்கும். பார்வைக்குக் கோடு அழகாக இருக்கும், சாயத்தொட்டியில் இறக்கியதும் சாயம் அடிவழியாகப் புகுந்துவிடும். சூடு கூடினால் கோடு நூல்வழியே பரந்து, வாய்க்காலாக இருக்க வேண்டிய இடத்தையே விழுங்கிவிடும். ஆகவே கோடு போட்டதும் துணியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பின்பக்கத்தில் கோடு எண்ணெய் பட்ட தாளைப் போல ஒளி ஊடுருவும்படி தெரிந்தால் மெழுகு இறங்கிவிட்டது. வெளிறிய திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் பின்பக்கமிருந்தே இன்னொரு தடவை போடுகிறார்கள். மூத்தவர் ‘நங்கி’ (தங்கை) என்று சிங்களத்தில் கூப்பிட்டு இளையவருக்கு முதலில் பழக்குவது கோடு வரைவதை அல்ல, இந்தப் புரட்டிப் பார்ப்பதைத்தான். தாளில் வேலை செய்த ஆய்வாளர்கள் தாங்களும் இதே இரண்டு கேள்விகளோடுதான் மல்லுக்கட்டினார்கள்: மெழுகு அடிவரை இறங்கியதா, இறங்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு பரந்தது? 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சிட்ட கோடு சூட்டுக்குப் பின் சுமார் 0.85 மில்லிமீட்டராக விரிந்தது என்று அவர்கள் அளந்து எழுதினார்கள். மாத்தளையில் அந்த விரிவை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் வரையும் கை அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வேண்டிய இடைவெளியைவிடக் கூடுதலாக விட்டே கோடு போடுகிறது.

துணிக்கு வந்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. 2012இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று பருத்தித் துணியில் மெழுகால் வாய்க்கால் அமைத்து, செயற்கைச் சிறுநீரில் புரதம் இருப்பதை நிறமாற்றத்தால் காட்டியது. பத்திக்கை முன்மாதிரியாகப் பெயர் சொல்லியே அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய முதல் வேலை துணியைச் சோடா சாம்பல் கரைசலில் அவிப்பது. பருத்தி நாரின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் உண்டு. அதைக் களைந்தால்தான் துணி நீரை ஒரே சீராக உறிஞ்சும். கடைத் துணியை அப்படியே மெழுகுக்குக் கொடுக்கக் கூடாது, கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் போக முதலில் அவித்து அலச வேண்டும் என்பது பத்திக் பட்டறையின் முதல் பாடம். சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கக் கூடாது என்பது இங்கே காரணம், சிறுநீர் ஒரே வேகத்தில் ஏற வேண்டும் என்பது அங்கே காரணம். துணிக்கு நடப்பது ஒன்றே.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. கைவேலையில் இரண்டு துண்டு ஒன்றுபோல் வராது. ஆய்வுக்கு வேண்டியது ஒன்றுபோல் வருவது. பத்திக்கில் மெழுகு வெடித்துச் சாயம் புகும் மெல்லிய நரம்புகளை வாங்குபவர் விரும்பிக் கேட்கிறார். சோதனைத் துணியில் அதே வெடிப்பு ஒழுக்கு, அந்தத் துண்டு குப்பைக்கு. இதை மழுப்பிப் பயனில்லை. ஆனால் வெடிப்பு தற்செயல் என்று நினைப்பது தொழிலை அறியாததால் வருவது. வெடிப்பு வேண்டுமென்றால் பரஃபினைக் கூட்டுகிறார்கள், ஆறவிட்டுக் கசக்குகிறார்கள். வேண்டாமென்றால் தேன்மெழுகைக் கூட்டி, துணியை மடிக்காமல் சாயத்தில் விரித்து இறக்குகிறார்கள். ஒரு பிழையைக் கேட்டபோது வரவழைக்கவும் கேட்டபோது விலக்கவும் தெரிந்தவரிடம் அதன் காரணம் பற்றிய அறிவு இருக்கிறது. மேலும், வேலை முழுவதும் கையாலேயே நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மெழுகில் தோய்த்துப் பதிக்கும் செப்பு அச்சு ஜாவாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. ஆலுவிகாரையில் பத்திக்கும் உலோக வார்ப்பும் ஒரே மையத்தின் கீழ் வளர்ந்தவை. வாய்க்காலின் வடிவத்தை உலோக அச்சாக்கி, அதைத் துணியில் பதிக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் மெழுகுக்காரர் தீர்மானித்தால், கோட்டின் அகலம் அச்சின் பொறுப்பு, ஊடுருவல் கையின் பொறுப்பு என்று வேலை பிரியும். தூசு புகாத அறையிலும் இதே மாதிரித்தான் பிரிகிறது.

இரண்டாவது மறுப்பு பணம் பற்றியது. சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டைகளைப் பெரிய ஆலைகள் கோடிக்கணக்கில் மிக மலிவாக அடித்துத் தள்ளுகின்றன. பட்டறை அந்த விலையோடு மோத முடியாது. முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மோதவும் கூடாது என்பேன். அதனால்தான் ஆய்வுக் கருவி என்று சொல்கிறேன். ஆய்வுகூடத்துக்கு வேண்டியது ஒரே வடிவத்தில் பத்து இலட்சம் துண்டு அல்ல. இந்த வாரம் மூன்று கிளை உள்ள ஒரு வடிவம், பார்த்தபின் கிளையைக் குறுக்கி அடுத்த வாரம் இன்னொன்று, ஒவ்வொன்றிலும் சில பத்துத் துண்டுகள். பெரிய ஆலைக்கு இந்தக் கட்டளை கட்டுபடியாகாது. பத்திக் பட்டறையின் பிழைப்போ இதுதான்: ஒவ்வொரு துணியும் ஒரு புது வரைபடம், சிறு தொகை, வாடிக்கையாளர் சொன்ன திருத்தத்தோடு மறுபடி ஒன்று. இன்னொன்று: ஸெரொக்ஸ் மெழுகு அச்சியந்திரங்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது, அவற்றை நம்பிப் பழகிய ஆய்வுகூடங்கள் மாற்றுவழி தேட வேண்டியதாயிற்று. ஓர் அச்சியந்திரத்தின் சந்தை ஆயுளில் தொங்கிக்கொண்டிருந்த நுட்பம், தலைமுறையாகக் கைமாறி வரும் நுட்பத்தைவிட உறுதியானது என்று எவரும் சொல்ல முடியாது. பருத்தித் துணி, பரஃபின், சோடா சாம்பல் ஆகியவற்றில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது என்பதும் உண்மை. இதைத் தற்சார்பு என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கும் ஆய்வுகூடப் பொருட்களுக்கும் நாடு தவித்தபோது, உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும் பொருளில் செய்யக்கூடியதற்கும் வெளிநாட்டுக் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்தது.

என்ன ஆராய என்று கேட்டால் வெளியே போகத் தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவ, காரணம் இன்னும் உறுதியாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் தாக்கிய பகுதிகளில் ஒன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த இந்த நோய், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளின் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கிறது. வெளியே தெரியும்போது பலருக்கும் காலம் கடந்திருக்கும். மலேசியக் குழு துணியில் செய்து காட்டிய புரதச் சோதனையை அப்படியே கொண்டுவந்து இங்கே விரித்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. இந்த நோயின் தொடக்கத்தில் சிறுநீரில் இறங்கும் புரதம் குறைவு, அதிலும் அல்புமினைத் தேடும் சாதாரண நிறச்சோதனைக்குச் சிக்காத சிறு புரதங்கள் சேர்ந்திருக்கும். ஆகவே எந்தப் புரதத்தைத் தேடுவது, அதற்கு எந்த வேதிப்பொருளைத் துணியில் ஏற்றுவது, சொட்டு எவ்வளவு நேரம் வாய்க்காலில் தங்க வேண்டும் என்று வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படி மாற்றிப் பார்ப்பதற்கு வசதியான பட்டறை மாத்தளையில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். நாரில் நீர் ஏறும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்ற வாஷ்பேர்னின் 1921ஆம் ஆண்டுச் சமன்பாடு மெழுகுக்காரருக்குத் தெரியாது. தெரியாதவரைத் தொழில்நுட்பர் என்பது வெறும் மரியாதைப் பேச்சு என்பார்கள். சமன்பாடு தெரியாது என்பது சரி. ஆனால் சாயம் தொட்ட கணத்தில் வேகமாக ஓடி, பிறகு தயங்கித் தயங்கி ஏறும் என்பதும், அதனால் அகன்ற திட்டை ஒரு மூலையிலிருந்து நிரப்பக் கூடாது என்பதும் தூரிகை பிடித்தவருக்குத் தெரியும். சமன்பாட்டால் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியும். அந்தப் பெரிய நன்மையைக் கைக்குள்ள அறிவு தராது. அதேபோல், இந்தத் துணியின் நெசவில் பாவு நூல் ஊடை நூலைவிட முறுக்கேறியிருப்பதால் சாயம் ஒரு திசையில் முந்துகிறது என்பதைச் சமன்பாடு தானாகச் சொல்லாது. இரண்டு பேரும் ஒரே மேசைக்கு வந்தால்தான் கருவி பிறக்கும். பெங்களூரின் அச்சிரா லேப்ஸ் நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. அங்கே தனஞ்சய தெண்டுகூரியும் சகாக்களும் பட்டு நூலை வேதிப்பொருளில் தோய்த்து, கைத்தறியில் நெய்தே சோதனைப் பட்டைகளை உருவாக்கி 2011இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாய்க்காலும் சோதனைப் பொருளும் நெசவிலேயே வந்து விழுந்தன. தறியால் முடிந்தது மெழுகுச் சட்டியால் முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தென்படவில்லை.

இனி எனக்கே கவலை தரும் விஷயம். 2020இல் பத்திக்குக்கும் கைத்தறிக்கும் உள்ளூர் ஆடைக்கும் என்று ஓர் இராஜாங்க அமைச்சே அமைக்கப்பட்டது. அப்போதும் பேச்சு ஆடை, சந்தை, ஏற்றுமதி என்றே ஓடியது. மெழுகு போடுபவரின் அறிவு ஒரு பொருளாக எண்ணப்படவில்லை. சோதனைத் துணி வேலை வந்தால் அதுவும் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலியாகச் சுருங்கி, வடிவத்தின் காப்புரிமை முழுவதும் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ போய்விடலாம். நோயறியும் கருவியாக விற்பதானால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்; அதற்கு ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத்துப் பதிவு இருக்க வேண்டும். மெழுகின் பங்கு, சட்டியின் சூடு, பின்பக்கச் சோதனை, தள்ளிய துண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் தாளில் ஏறும். பட்டறையில் இதுவரை வாய்வழியாக இருந்தது அப்போது ஆவணமாகும், ஆவணத்துக்கு ஓர் உரிமையாளர் இருப்பார். அந்த உரிமை எழுதப்படுவதற்கு முன்பே பேச வேண்டும். பல்கலைக்கழகத்தோடு போடும் முதல் ஒப்பந்தத்திலேயே, முறையைப் பதிவு செய்தவர்களின் பட்டியலில் மெழுகுக்காரரின் பெயரும், காப்புரிமை வருமானத்தில் பட்டறைக் கூட்டுறவின் பங்கும், பழகுநராகச் சேரும் பெண்களுக்கு வெப்பமானியும் நுணுக்குக்காட்டியும் பாவிக்கப் பயிற்சியும் வாசகமாக இடம்பெற வேண்டும். துண்டுக் கூலி அல்லாமல் மாதச் சம்பளமாக இருந்தால்தான் தள்ள வேண்டிய துண்டைத் தள்ளும் துணிவு அவர்களுக்கு வரும்.